அங்கோலா நாட்டு நிலக்கண்ணிகளும் அவற்றை நீக்கும் பொருளும்

போர் முடிந்தது என்று தலைவர்கள் கையொப்பமிடும் நாள் ஒன்று. போர் முடிந்தது என்று உழவன் உணரும் நாள் மற்றொன்று. முன்னது தாளில் எழுதப்படுவது. பின்னது அவன் தன் நிலத்தில் அச்சமின்றி மண்வெட்டியை ஊன்றும்பொழுது தோன்றுவது. இவ்விரு நாட்களுக்கும் இடையே சில நாடுகளில் ஒரு தலைமுறைக் காலமே கழிந்துவிடுகின்றது. அங்ஙனம் கழிதற்குக் காரணமாய் மண்ணுள் மறைந்து கிடப்பது நிலக்கண்ணி எனப்படும் கண்ணிவெடியாம்.

புறப்பொருள் வகுத்த நம் பண்டை ஆசிரியர் ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், மண்ணசையாற் படையெடுத்துச் செல்லுதலை வஞ்சி என்றும், அரண் முற்றுதலை உழிஞை என்றும், எதிர்நின்று பொருதலைத் தும்பை என்றும், வென்று சூடுதலை வாகை என்றும் முறைப்படுத்தினர். வென்ற வேந்தர் பகைவர் நிலத்தைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கிய செய்தியும் சங்கச் செய்யுட்களிற் காணப்படும். ஆயினும் அப்பாழ் நெடுங்காலம் நில்லாது. மழை பெய்யின் அந்நிலம் மீண்டும் விளையும். புதைத்தவன் இறந்தொழிந்த பின்னும் உயிர் கொள்ளும் படைக்கலத்திற்கு அவர்கள் துறை வகுத்திலர். அத்தகைய கொடுமையை அக்காலம் கண்டதில்லை ஆதலின். இக்கொடுமையினால் நெடுங்காலம் துன்புற்ற நாடுகளுள் ஒன்று ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்மேற்கில் அமைந்த அங்கோலா. அந்நாட்டுக் கண்ணிகளை நீக்குதற்கு வேண்டும் பொருளை உள்நாட்டாரும் பிறநாட்டாரும் எவ்வாறு அளித்தனர், அவ்வளிப்பில் நேர்ந்த குறை யாது என்பனவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

1. நாடும் போரும்

அங்கோலா நாடு போர்த்துக்கீசியர் ஆட்சியினின்று 1975-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் விடுதலை பெற்றது. அவ்விடுதலைக்கென 1961 முதல் பொருதுவந்த இயக்கங்கள், விடுதலை கைவந்த பொழுதே தம்முட் பகைத்துப் போரிடத் தொடங்கின. எம்.பி.எல்.ஏ. என்னும் கட்சி தலைநகராகிய லுவாண்டாவைக் கைக்கொண்டு அரசாண்டது. யோனாஸ் சவிம்பியின் தலைமையில் யுனிட்டா என்னும் கட்சி உள்நாட்டுப் பகுதிகளில் அதனை எதிர்த்து நின்றது. முன்னதற்குக் கியூபாவும் சோவியத்து நாடும், பின்னதற்குத் தென்னாப்பிரிக்காவும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் துணைநின்றன. எனவே, அங்கோலா மண்ணிற் புதையுண்ட கண்ணிகள் ஒரு நாட்டிற் செய்யப்பட்டன அல்ல. பல நாட்டுத் தொழிற்சாலைகளினின்று வந்து சேர்ந்தவை.

1987, 1988-ஆம் ஆண்டுகளில் தென்கிழக்கிலுள்ள குயித்தோ குவானவாலே என்னுமிடத்தைச் சூழ்ந்து நிகழ்ந்த பெரும்போரில் இரு திறத்தாரும் எண்ணிறந்த கண்ணிகளைப் புதைத்தனர். 1992-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் போர் மீண்டும் மூண்டபொழுது நடுநாட்டு நகராகிய குயித்தோ பல திங்கள் முற்றுகையிடப்பட்டது. அந்நகரின் பெருந்தெருவே போர்முனையாயிற்று. 2002-ஆம் ஆண்டு பெப்ருவரி 22-ஆம் நாள் சவிம்பி போரிற் கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் அமைதி உடன்படிக்கை நிறைவேறியது. துப்பாக்கிகள் ஓய்ந்தன, மண்ணுள் இருந்தவை ஓய்ந்தில.

2. நீக்குதல் பெருஞ்செலவாவது ஏன்?

கண்ணியைச் செய்தற்கு ஆகும் செலவு சில டாலர் மாத்திரமே. அதனைப் புதைத்தற்குச் சில நொடிகள் போதும். நீக்குதற்கோ பல நூறு டாலர் செலவாகும் என ஐக்கிய நாடுகள் சபையார் பல்லாண்டுகளாகக் கூறி வருகின்றனர். இவ்வேற்றுமையின் காரணம் தொழிலின் இயல்பை நோக்கின் விளங்கும்.

முதற்கண் ஆய்வுக் குழுவினர் ஊர்தோறும் சென்று, முதியோரையும் முன்னாட் போர்வீரரையும் கால்நடை மேய்ப்போரையும் உசாவுவர். எவ்விடத்தில் மனிதர் காயமுற்றனர், எவ்விடத்தில் ஆடுமாடு மாண்டது, எப்பாதையை ஊரார் விலக்கி நடக்கின்றனர் என்பன எழுதப்படும். இதனால் ஐயத்திற்கு இடமான நிலம் எது, ஐயமற்ற நிலம் எது என்று ஒருவாறு பிரித்தறியலாம். பின்னர் எல்லை வகுத்து அடையாளமிட்டு, குறுகிய பாதைகளாக நிலத்தைப் பகுத்து, மார்புக்கவசமும் முகமறைப்பும் அணிந்த தொழிலாளர் உலோகங்காட்டும் கருவியுடன் ஒவ்வோர் அடியாக முன்செல்வர். கருவி ஒலித்தால் அவ்விடத்தில் முழந்தாளிட்டு, மேலிருந்து தோண்டாமல் பக்கவாட்டிலிருந்து சிறிது சிறிதாக மண்ணை அகழ்ந்து காண்பர். ஒலித்தது பழைய ஆணியாக இருக்கலாம், தகரத்துண்டாக இருக்கலாம், கண்ணியாகவும் இருக்கலாம். யாதாயினும் ஒரே பொறுமையுடன் அகழ்தல் வேண்டும். பெரும்பகுதி நெகிழியாற் செய்யப்பட்டு, உலோகம் மிகச் சிறிதே உடைய கண்ணிகளும் உள ஆதலின், கருவியின் மெல்லிய ஒலியையும் புறக்கணித்தற்கில்லை. ஆகவே ஒரு தொழிலாளி நாள் முழுதும் உழைத்துத் தூய்மையாக்கும் நிலம் மிகச் சிறிது. இக்காரணங்களால், இத்தொழிலிற் செலவாகும் பொருளில் ஒரு பெரும்பங்கு பயிற்சி பெற்ற மனிதரின் ஊதியமும், அவரைத் தாங்கும் ஊர்தி, கருவி, மருத்துவம் என்பவற்றின் செலவுமேயாம்.

இதனை நாம் மனத்திற் கொள்ளுதல் இன்றியமையாதது. பொருள் நின்றால் எந்திரம் துருப்பிடிப்பதோடு முடிவதில்லை. பயின்ற கைகள் கலைந்து போகின்றன. அவற்றை மீண்டும் திரட்டிப் பயிற்றுதற்கு மறுபடியும் பொருளும் காலமும் வேண்டும்.

3. பிறநாட்டுப் பொருள்

போர் முற்றும் ஓயாத காலத்திலேயே பிறநாட்டு அறச்சங்கங்கள் அங்கோலாவில் இப்பணியைத் தொடங்கின. பிரித்தானியாவினின்று வந்த ஹாலோ அறக்கட்டளை 1994-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. மேக் எனச் சுருங்க வழங்கும் கண்ணி ஆலோசனைக் குழுவும், நார்வே மக்கள் உதவிச் சங்கமும் ஏறத்தாழ அக்காலத்திலேயே வந்து சேர்ந்தன. ஹாலோ ஒன்றே இதுவரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்ணிகளை அந்நாட்டில் அழித்துள்ளது.

இச்சங்கங்கள் தாமே செல்வமுடையன அல்ல. அமெரிக்க ஐக்கிய நாடுகள், ஐரோப்பியக் கூட்டமைப்பு, பிரித்தானியா, ஜப்பான், நார்வே முதலிய அரசாங்கங்கள் ஆண்டுதோறும் அளிக்கும் நன்கொடையே இவற்றின் மூலதனம். ஒரு காலத்தில் யுனிட்டாவுக்குத் துணைநின்ற அமெரிக்க அரசாங்கம் 1995-ஆம் ஆண்டு முதல் 15 கோடி டாலருக்கு மேல் அளித்துள்ளது என்பது நினைக்கத்தக்கது. போருக்குத் துணைசெய்த கையே போரின் எச்சத்தை நீக்கவும் நீண்டது எனலாம். இதனைக் கழுவாய் என்பாரும் உளர். அரசியல் என்பாரும் உளர். உழவனுக்கு அவ்வாராய்ச்சியால் ஆவதொன்றில்லை. நிலம் தூய்மையாயிற்றா என்பதே அவன் வினா.

1997-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பிரித்தானிய இளவரசி டயானா உவாம்போ நகரில் கண்ணி நிலத்தினூடே கவசமணிந்து நடந்த காட்சி உலகெங்கும் படமாகப் பரவியது. அவ்வாண்டு டிசம்பரில் கனடா நாட்டு ஒட்டாவா நகரில், ஆளைக் கொல்லும் கண்ணிகளை முற்றும் விலக்கும் உடன்படிக்கை கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. கண்ணிகளை ஒழித்தற்கு உழைத்த பன்னாட்டு இயக்கத்திற்கும் ஜோடி வில்லியம்ஸ் அம்மையாருக்கும் அவ்வாண்டின் நோபெல் அமைதிப் பரிசு கிடைத்தது. அங்கோலா அவ்வுடன்படிக்கையில் 1997-இல் கையொப்பமிட்டு, 2002-இல் அதனை உறுதிசெய்தது. உறுதிசெய்த நாடு பத்தாண்டிற்குள் தன் மண்ணைத் தூய்மையாக்குதல் வேண்டும் என்பது அதன் ஐந்தாம் விதி. உதவி வேண்டும் நாடு அதனைக் கேட்டுப் பெற உரிமையுடையது, உதவ வல்ல நாடு உதவுதல் வேண்டும் என்பது ஆறாம் விதி. கடமையும் உரிமையும் இங்ஙனம் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன.

ஆயினும் ஆறாம் விதி எவ்வளவு பொருள், எத்தனை ஆண்டு என்று வரையறுத்திலது. அக்குறையின் விளைவை அங்கோலா அனுபவித்தது. போர் ஓய்ந்த முதற் சில ஆண்டுகளில் நன்கொடை பெருகி வந்தது. பின்னர்ப் பத்தாண்டு அளவில் அது ஐந்திற் நான்கு பங்குக்கு மேற் குறைந்துவிட்டது. ஓராயிரத்துக்கு மேற்பட்டோரை வேலையில் வைத்திருந்த ஹாலோ, அவருட் பெரும்பாலோரை விலக்க நேர்ந்தது.

4. உள்நாட்டுப் பொருள்

கொடையாளர் கைசுருக்கியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அங்கோலா ஆப்பிரிக்காவில் மிகுதியாகக் கல்லெண்ணெய் வளம் எடுக்கும் நாடுகளுள் ஒன்று. போருக்குப் பின் எண்ணெய் விலை ஏற ஏற அரசாங்கத்தின் வருவாயும் ஏறிற்று. ‘பொருளுடைய நாடு தன் மண்ணைத் தானே தூய்மை செய்யட்டும், எமது பொருளை வறிய நாடுகளுக்கு அளிப்போம்’ என்று கொடையாளர் கருதினர். இவ்வாதம் ஒருவாறு நேரியதே.

அங்கோலா அரசாங்கம் செலவு செய்யாமலும் இருந்திலது. தேசியக் கண்ணி நீக்கு நிலையம், படைப்பிரிவுகள் முதலியவற்றின் வாயிலாக அது பெரும் பொருளைச் செலவிட்டது. ஆனால் அச்செலவு எங்குச் சென்றது என்று நோக்குதல் வேண்டும். சாலை, பாலம், இருப்புப்பாதை, விமான நிலையம், மின்கம்பித் தடம் என்னும் இவற்றிற்கே அது முதலிடம் அளித்தது. லொபீத்தோத் துறைமுகத்தினின்று கிழக்கெல்லை வரை 1,300 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பெங்கேலா இருப்புப்பாதை போரினாற் சிதைந்து கிடந்தது. சீனத்தாரின் துணையால் அதனை மீண்டும் அமைக்குமுன் அதன் இருமருங்கும் கண்ணிகள் நீக்கப்பட்டன. நாட்டின் வாணிகம் உயிர்பெற இவை வேண்டியனவே, குறை கூறுதற்கில்லை. எனினும் பாதையினின்று சில கல் தொலைவில் உள்ள சிற்றூரின் சோளக்கொல்லையும் ஊருணி வழியும் அக்கணக்கில் இடம்பெறவில்லை. மேலும், அரசாங்கப் பிரிவுகள் தூய்மை செய்த நிலத்தின் விவரம் தேசியப் பதிவேட்டில் செவ்வனே ஏறாமையால், எஞ்சியது எவ்வளவு என்பதே நெடுங்காலம் தெளிவின்றி இருந்தது.

ஆகவே சிற்றூர் நிலத்தைப் பிறநாட்டார் பொருளும், பெருந்திட்ட நிலத்தை உள்நாட்டார் பொருளும் தூய்மை செய்தல் என்னும் ஒரு பிரிவினை எழுதப்படாத வழக்காயிற்று. பிறநாட்டார் விலகியபொழுது சிற்றூருக்கு உரியவர் எவரும் இலராயினர். இதுவே அங்கோலாவின் வரலாற்றில் நாம் ஊன்றிக் காணவேண்டிய இடமாகும்.

2014-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து எண்ணெய் விலை சரிந்தது. பீப்பாய் ஒன்றிற்கு நூறு டாலருக்கு மேல் இருந்தது, 2016-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழாயிற்று. அரசாங்க வருவாய் வீழ்ந்தது. எந்தச் செல்வத்தைக் காட்டிப் பிறநாட்டார் விலகினரோ, அச்செல்வமும் கைவிட்டது. 2013-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடியவேண்டிய தவணை முதலில் 2018-ஆம் ஆண்டுத் தொடக்கம் வரையும், பின்னர் 2025-ஆம் ஆண்டு இறுதி வரையும் நீட்டிக்கப்பட்டது. அதற்குள்ளும் பணி முடியாமையால் மேலும் காலம் வேண்டப்பட்டது.

இருளிடையே சில ஒளிக்கீற்றுக்களும் தோன்றின. 2017-ஆம் ஆண்டில் ஹாலோ அறக்கட்டளை நூறு மகளிரைக் கண்ணி நீக்கும் தொழிலிற் பயிற்றும் திட்டத்தைத் தொடங்கிற்று. அவருட் பலர் முன்னர் நிலையான ஊதியம் கண்டறியாதவர். எல்லா மாகாணங்களிலும் நடந்த மறு ஆய்வினால், வீணே ஐயுறப்பட்டிருந்த நிலங்கள் பட்டியலினின்று நீங்கின. எஞ்சிய நிலம் பெரிதும் குறைந்து காணப்பட்டது. 2019-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அங்கோலா அரசாங்கம் தென்கிழக்கிலுள்ள மவிங்கா, லுவெங்கே-லுயியானா என்னும் இரு தேசியக் காடுகளில் 153 கண்ணி நிலங்களைத் தூய்மை செய்தற்கு 6 கோடி டாலர் அளிப்பதாக அறிவித்தது. பணியை ஆற்றும் பொறுப்பு ஹாலோ அறக்கட்டளையினது. அந்நிலங்கள் குவாண்டோ குபாங்கோ என்று அந்நாளில் வழங்கிய மாகாணத்தில் உள்ளன. அம்மாகாணம் பின்னர் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பொத்துசுவானா நாட்டின் புகழ்பெற்ற ஒக்கவாங்கோக் கழிமுகத்திற்கு நீரளிக்கும் ஆறுகள் அங்கோலாவின் மேட்டுநிலத்திலேயே தோன்றித் தென்கிழக்கே ஓடுகின்றன. அந்நாடு தன் கருவூலத்தினின்று ஓர் அறச்சங்கத்தின் வாயிலாக இத்துணைப் பெருந்தொகையை அளிக்க முன்வந்தது குறிப்பிடத்தக்க மாற்றமாகும். எனினும் அங்கும் முன்னின்றது காட்டு விலங்கும் அவற்றைக் காண வரும் பயணிகளால் எய்தும் வருவாயுமே என்பதனையும் மறத்தலாகாது.

5. மொசாம்பிக் காட்டும் ஒப்புமை

ஒப்பிட்டு நோக்கினால் உண்மை மேலும் விளங்கும். ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள மொசாம்பிக் நாடும் போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. 1975-இலேயே விடுதலை பெற்றது. 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போரில் அழுந்தியது. ஆனால் அந்நாடு 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் தன் மண்ணிற் கண்டறியப்பட்ட கண்ணி நிலங்கள் யாவும் தூய்மையாயின என்று அறிவித்தது. ஹாலோ மட்டும் அங்கு 1,71,000-க்கு மேற்பட்ட கண்ணிகளை அழித்திருந்தது. கன்னப்பையுடைய ஆப்பிரிக்கப் பேரெலிகளை வெடிமருந்தின் மணத்தை முகர்ந்தறியப் பயிற்றி, அப்போப்போ என்னும் சங்கத்தார் அங்குப் பயன்படுத்தினர். எலி தகரத்தையும் ஆணியையும் பொருட்படுத்தாது, வெடிமருந்தையே நாடும். அதன் எடை கண்ணியை வெடிக்கச் செய்யாது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் மொசாம்பிக்கின் செல்வம் அன்று. அது அங்கோலாவினும் வறிய நாடு. போர் முன்னரே முடிந்ததும் அதற்கு ஒரு நன்மையாயிற்று. ஆயினும் வேறு இரு காரணங்கள் சிறப்பாகக் கருதத்தக்கன. முதலாவது, கொடையாளர் இருபதாண்டுக்கு மேல் கைவிடாது பொருள் அளித்தமை. இரண்டாவது, பழைய ஆய்வு மிகைப்படக் கூறிய நிலப்பரப்பை 2007-ஆம் ஆண்டுமுதல் மறுபடி ஆராய்ந்து, மாவட்டம் மாவட்டமாக முடித்துச் சென்றமை. ஒரு மாவட்டம் முடிந்தது என்று அறிவிக்கப்படும்போது ஊராருக்குத் தெளிவும், கொடையாளருக்குத் தம் பொருள் பயன் தந்தது என்னும் மனநிறைவும் ஒருங்கே உண்டாயின. முடிவு கண்ணுக்குத் தெரியும் பணிக்குப் பொருள் எளிதில் வரும். முடிவு காணாப் பணிக்கு ஈவோர் கை தளரும்.

6. முடிபுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும்.

ஒன்று: பொருளின் அளவினும் அதன் தொடர்ச்சி சிறந்தது. ஓராண்டு பெருக்கெடுத்து மறு ஆண்டு வற்றும் ஆற்றினும், என்றும் ஊறும் ஊற்று உழவுக்கு உதவும். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் தன் அயல்நாட்டு உதவியைத் திடீரென நிறுத்தி வைத்தபொழுது உலகின் பல பகுதிகளிற் கண்ணி நீக்கும் பணியும் தடைப்பட்டது. ஒரே கையை நம்பிய தொழிலின் நிலை இத்தகையது என்பதற்கு இதுவே சான்று.

இரண்டு: ஆய்வுக்குச் செலவிடும் பொருளே மிக்க பயன் தருவது. கண்ணியில்லாத நிலத்தைக் கண்ணியுண்டென்று அஞ்சிக் கிடத்தலும் ஒரு வறுமையே. அவ்வச்சத்தை நீக்குதற்கு வேண்டுவது வெடிமருந்தோ எந்திரமோ அன்று. ஊராரை உசாவி எழுதும் நேர்மையான ஏடு ஒன்றே.

மூன்று: ஒரு நாட்டின் செல்வமும் அந்நாட்டுச் சிற்றூரின் செல்வமும் ஒன்றல்ல. அங்கோலா எண்ணெயால் வளமுற்றது மெய். ஆனால் அவ்வளம் மொசிக்கோ மாகாணத்துச் சிற்றூரின் வயலைச் சென்று சேர்ந்தது என்று கொள்ளுதற்கில்லை. கொடையாளர் நாட்டின் வருவாயை மட்டும் நோக்கிக் கைவிட்டனர். அரசாங்கம் இருப்புப்பாதையின் வருவாயை நோக்கிச் செலவிட்டது. இருவர் கணக்கும் தம்மளவிற் சரியே. ஆனால் இரண்டு கணக்கிலும் விடுபட்டவள், விறகு பொறுக்கவும் நீர் முகக்கவும் அதே பாதையில் நாள்தோறும் நடக்கும் பெண். பொருள் வகுப்போர் அவளுடைய பெயரை முதல் வரியில் எழுதிய பின்னரே மற்றவற்றை எழுதுதல் முறையாகும். வருவாயுள்ள நாடு தன் பங்கை ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் வெளிப்படையாக ஒதுக்குக. அவ்வாறு ஒதுக்குமளவும் பிறநாட்டார் படிப்படியாகவன்றி ஒருங்கே விலகாதிருப்பாராக. இதுவே ஆறாம் விதிக்கு நாம் கொள்ளத்தகும் பொருள்.

இச்செய்தி நமக்குத் தொலைவானதும் அன்று. ஈழத்தின் வடபகுதியில் தமிழ் மக்கள் வாழும் ஊர்களிலும் இதே ஹாலோ அறக்கட்டளையும் மேக் குழுவும் பல்லாண்டுகளாக இப்பணியை ஆற்றி வருகின்றன. அங்கும் ஆடவரோடு மகளிரும் முழந்தாளிட்டு மண்ணை அகழ்கின்றனர். அங்கும் அவர்தம் ஊதியம் தொலைநாட்டாரின் கொடையைச் சார்ந்தே நிற்கின்றது. அங்கோலாவின் வரலாற்றை அறிந்தோர், அக்கொடை பணி முடியுமுன் வற்றினால் நேரும் துன்பத்தை ஒருவாறு உணர்வர்.

உவாம்போவில் இளவரசி நடந்த அக்கண்ணி நிலம் இன்று வீடுகளும் கடைகளும் நிறைந்த தெருவாயிற்று. அவ்வழியே சிறுவர் பள்ளிக்குச் செல்கின்றனர். ஒரு தெருவுக்கு இயன்றது ஒரு நாட்டுக்கும் இயலும். வேண்டுவது, தொடங்கியதை முடிக்கும் உறுதியும், அவ்வுறுதி தளராவண்ணம் ஆண்டுதோறும் வந்து சேரும் பொருளுமே.